ஓட்டம், சைக்கிள் என்று சேர்க்கும் காசு சிறுவர் புற்றுநோய் ஆராய்ச்சிக்குத்தான் போகிறதா?

ஸ்கார்பரோவாசி (ரொறன்ரோ)

எல்லாருக்கும் வணக்கம். மகள் ஐந்தாம் வகுப்பு. செப்டெம்பர் கடைசியில் பள்ளியில், புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் காசு சேர்க்கிற டெர்ரி ஃபொக்ஸ் ஓட்டம். வழக்கம்போல ஆளுக்கொரு இரண்டு டொலர் குற்றி கொண்டுபோக வேண்டும், இங்கே அதை ரூனி என்பார்கள். இந்த முறை அவளுக்கு அது போதவில்லை. வகுப்புத் தோழி ஒருத்தி கிரேட் சைக்கிள் சலஞ்சில் பதிந்து, மாதம் முழுக்க ஓட்டின தூரத்தைக் காட்டி இங்கே ரொறன்ரோவில் இருக்கிற சிக்கிட்ஸ் சிறுவர் மருத்துவமனைக்குக் காசு சேர்த்தாளாம். அடுத்த முறை தானும் சேரப் போகிறாளாம். சொந்தக்காரருக்கு வாட்ஸப்பில் எழுதுகிற வேலையை என் தலையில் கட்டிவிட்டாள்.

கேட்கப்போவது மார்க்கம், லண்டன், கொழும்பு, சென்னை என்று பரந்து கிடக்கிற மாமா, சித்தப்பாமாரிடம். "இந்தக் காசு எங்கே போகுது" என்றுதான் முதல் கேள்வி வரும். "பிள்ளை சைக்கிள் ஓடினால் நான் ஏன் காசு தரவேணும்" என்பது இரண்டாவது. இரண்டுக்கும் என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

கணக்குப்பிள்ளை (மிசிசாகா)

முதல் கேள்வி என் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் நான் தொடங்குகிறேன்.

கனடாவில் பதிவுபெற்ற ஒவ்வொரு தொண்டு நிறுவனமும் வருடாவருடம் வருமான வரித்துறைக்கு ரி3010 என்றொரு படிவம் கொடுக்க வேண்டும். அது பகிரங்கமானது. வரித்துறைத் தளத்தில் பெயரை அடித்தால் யாரும் பார்க்கலாம். நிதி சேர்க்கச் செலவழித்தது எவ்வளவு, சேர்ந்தது எவ்வளவு என்று இரண்டு எண் இருக்கும். செலவழித்ததைச் சேர்ந்ததால் வகுத்துப் பாருங்கள். செலவு 35 சதவீதத்துக்குக் கீழே என்றால் வரித்துறை பொதுவாகக் கேள்வி கேட்காது. 70-ஐத் தாண்டினால் கட்டாயம் கேட்கும். நடுவில் இருப்பவை பெரும்பாலும் இந்த மாதிரி ஓட்டம், நடை, விருந்து நடத்துகிறவர்கள்தான். தெருவை மறிக்கப் பொலிஸ், அம்புலன்ஸ், காப்புறுதி, நடமாடும் கழிப்பறை, ரீ-சேர்ட், பதக்கம் எல்லாவற்றுக்கும் யாரோ காசு கட்டத்தான் வேண்டும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நிகழ்வின் செலவை யார் சுமக்கிறார்கள்? பள்ளிக்கூட டெர்ரி ஃபொக்ஸ் ஓட்டத்தில் அந்தச் செலவே கிட்டத்தட்ட இல்லை. பள்ளி மைதானம், ஆசிரியர்கள், ஒரு விசில். ஊருக்குள் நடக்கும் ஓட்டத்துக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது, குறைந்தபட்சத் தொகை கிடையாது, நேரம் குறிப்பதில்லை, நெஞ்சில் விளம்பரச் சின்னம் குத்திக்கொண்டு ஓட வேண்டியதில்லை.

வல்வைக்காரன் (பாரிஸ்)

நான் நேராகவே கேட்கிறன், ஒருத்தரும் கோவிக்காதேங்கோ. புற்றுநோய்க்கும் ஓட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? காசு குடுக்கிறவன் குடுக்கட்டும். அதுக்கு ஏன் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிய எழும்பி, ஒரே நிறச் சட்டை போட்டு, பலூன் ஊதி, பாட்டுப் போட்டு ஒரு கூத்து? போன வருசம் ஒரு நடைபவனிக்குப் போனன், பெயர் வேண்டாம். பதிவுக் கட்டணமே அறுபது யூரோ. மேடையில் பேசின ஆக்களில் முக்கால்வாசி வங்கி, காப்புறுதிக் கொம்பனிக்காரர். எவ்வளவு சேர்ந்தது, எந்த ஆராய்ச்சிக்குப் போனது என்று பிறகு மின்னஞ்சல் போட்டுக் கேட்டன். பதில் இல்லை. அடுத்த வருசத்துக்குப் பதியச் சொல்லி மட்டும் மூன்று மின்னஞ்சல் வந்தது.

பாஸ்டன் பாலா

வல்வை அண்ணே, உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் "என்ன சம்பந்தம்" என்பதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. நான் இருக்கிற ஊர்க் கதை.

1948 வரைக்கும் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தை என்றால் சில வாரம், சில மாதம். அவ்வளவுதான். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் நோய்க்கூறு மருத்துவராக இருந்த சிட்னி ஃபார்பர், அமினோப்டெரின் என்ற மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 16 பேரில் 10 பேருக்கு நோய் அடங்கியது. தற்காலிகமாகத்தான், ஆனால் அதுவரை யாரும் பார்த்திராத விஷயம். ஆராய்ச்சியைத் தொடரப் பணம் வேண்டும். அதே வருஷம் மே மாதம் ஒரு தேசிய வானொலி நிகழ்ச்சியில், மருத்துவமனைப் படுக்கையில் இருந்த பன்னிரண்டு வயதுப் பையனைப் பேச வைத்தார்கள். உண்மைப் பெயரைச் சொல்லாமல் 'ஜிம்மி' என்றார்கள். பாஸ்டன் பிரேவ்ஸ் பேஸ்பால் வீரர்கள் ஒவ்வொருவராக அவன் அறைக்குள் வந்தார்கள். அவன் ஆடுகளப் பாட்டைச் சுருதி இல்லாமல் பாடினான். மேட்ச் பார்க்க அவனுக்கு ஒரு டிவி வாங்க வேண்டும், பணம் அனுப்புங்கள் என்று கேட்டார்கள். 20,000 டாலர் எதிர்பார்த்த இடத்தில் 2,31,000 டாலருக்கு மேல் வந்து குவிந்தது. ஜிம்மி ஃபண்ட் அப்படித்தான் பிறந்தது. பிரேவ்ஸ் அணி 1953இல் ஊரை விட்டுப் போனதும் ரெட் சாக்ஸ் அணி அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டது, இன்றும் விடவில்லை. அந்தப் பையன் பிழைத்து, தாத்தா ஆகி, 1998இல் தான்தான் ஜிம்மி என்று வெளியே வந்தான் என்பது தனிக் கதை.

ஆய்வுக்கூடத்தில் நடப்பதை யாரும் வேடிக்கை பார்க்க முடியாது, விளையாட்டைப் பார்க்கலாம். சம்பந்தம் அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை கேட்ட "செலவை யார் சுமக்கிறார்கள்" என்பதற்கு இங்கே ஒரு நல்ல உதாரணம் உண்டு. பான்-மாஸ் சேலஞ்ச் என்று ஒரு சைக்கிள் பயணம். 1980இல் 36 பேர் ஓட்டி 10,200 டாலர் சேர்த்தார்கள். இன்று மொத்தத் தொகை 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. ஓட்டுகிறவர் நண்பர்களிடம் வாங்கும் ஒவ்வொரு டாலரும் அப்படியே டானா-ஃபார்பர் புற்றுநோய் மையத்துக்குப் போகும். நிகழ்வுச் செலவைப் பதிவுக் கட்டணமும் நிறுவன விளம்பரமும் பார்த்துக்கொள்ளும். அதாவது டெர்ரி ஃபாக்ஸ் வழிக்கு நேர் எதிர். அங்கே விளம்பரமே வேண்டாம், இங்கே விளம்பரம்தான் செலவைத் தாங்குகிறது. இரண்டும் யோக்கியமான வழிகளே. ஓட்டக்காரரின் விமான டிக்கெட், விடுதி வாடகை எல்லாம் நன்கொடையிலிருந்தே கழியும் வகைதான் எனக்குப் பிடிக்காதது. "மாமா பணத்தில் ஹவாய் போய் ஓடுகிறான்" என்று யாராவது சொன்னால் மறுக்க முடியாது.

ஒன்று மட்டும் கவனம். பான்-மாஸ் பணம் குழந்தைகளுக்கு மட்டும் இல்லை, பெரியவர்களின் புற்றுநோய்க்கும் சேர்த்துத்தான்.

வார்டு டாக்டர் (சென்னை)

பாலா சொன்ன அமினோப்டெரினில் நம் ஊர்ப் பங்கு இருக்கிறது. ஃபார்பருக்கு அந்த மருந்தை அனுப்பிய லெடர்லி ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர் யெல்லாப்ரகடா சுப்பாராவ். பீமவரத்துக்காரர், படித்தது சென்னை மருத்துவக் கல்லூரியில். கதர் கோட்டு போட்டு அறுவை அரங்குக்குள் போனதால் வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு ஆகாமல் போய், எம்பிபிஎஸ் கிடைக்காமல் அதற்குக் கீழான எல்எம்எஸ் பட்டத்தோடு வெளியேறினார் என்பார்கள். அமினோப்டெரினுக்கு அடுத்து வந்த மெத்தோட்ரெக்ஸேட்டை இன்றும் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குத் தினம் தினம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

டெர்ரி ஃபாக்ஸ் ஏன் ஓடினார் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். 1977இல் 18 வயதில் அவருக்கு எலும்புப் புற்றுநோய், வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். "பிழைக்க ஐம்பது சதவீத வாய்ப்பு உண்டு, இரண்டு வருஷம் முன்னால் வந்திருந்தால் பதினைந்துதான்" என்று டாக்டர்கள் சொன்னார்களாம். இடையில் மாறியது மருந்து. அந்த நோய்க்கு மெத்தோட்ரெக்ஸேட்டைப் பெரிய அளவில் கொடுத்து, மாற்று மருந்தால் உடம்பைக் காப்பாற்றும் முறை 70களில் பாஸ்டனில் ஃபார்பரின் மையத்தில்தான் உருவானது. ஆராய்ச்சி என்றால் என்ன என்று டெர்ரிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. 1980 ஏப்ரல் 12 அன்று கனடாவின் கிழக்கு முனையில் கடலில் செயற்கைக் காலை நனைத்துவிட்டுக் கிளம்பினார். தினம் ஏறத்தாழ ஒரு மாரத்தான் தூரம், 143 நாள், 5,373 கிலோமீட்டர். தண்டர் பே அருகே நோய் நுரையீரலில் திரும்பியது. அடுத்த ஜூனில் இறந்தார், 22 வயது.

இங்கே கசப்பான ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். டெர்ரிக்கு வந்த அதே எலும்புப் புற்றுநோயில் 80களுக்குப் பிறகு பிழைப்பு விகிதம் பெரிதாக ஏறவே இல்லை. பரவாத நிலையில் வந்தால் பத்தில் ஆறு ஏழு பேர் பிழைக்கிறார்கள். நுரையீரலுக்குப் பரவி வந்தால் கதை வேறு. ரத்தப் புற்றுநோயில் பணக்கார நாடுகளில் 90 சதவீதத்தைத் தொட்டுவிட்டோம். எலும்பு, மூளைத்தண்டு, நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புத் திசுப் புற்றுநோயின் வீரியமான வகை ஆகியவற்றில் திணறிக்கொண்டிருக்கிறோம். குழந்தைகளின் புற்றுநோய் எண்ணிக்கையில் சிறியது, மருந்து நிறுவனத்துக்கு லாபம் இல்லை. அதனால்தான் இந்தத் துறை மட்டும் எலுமிச்சைச் சாறு விற்ற காசிலும் சைக்கிள் ஓட்டிய காசிலும் தொங்கிக்கொண்டிருக்கிறது. அது பெருமைப்பட வேண்டிய நிலை அல்ல என்பது என் கருத்து.

ஸ்கார்பரோவாசி

டொக்டர், மிக்க நன்றி. மகளுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப டெர்ரி காசு சின்னப் பிள்ளைகளுக்கா, பெரிய ஆக்களுக்கா" என்று கேட்கிறாள்.

கணக்குப்பிள்ளை

எல்லாருக்கும். டெர்ரி கேட்டதே புற்றுநோய் ஆராய்ச்சி என்று பொதுவாகத்தான். கனடாவில் ஆளுக்கு ஒரு டொலர் என்பது கணக்கு. 1981 பெப்ரவரியில் 2 கோடியே 41 லட்சம் டொலர் சேர்ந்துவிட்டது, அப்போது நாட்டின் சனத்தொகையும் ஏறத்தாழ அவ்வளவே. உயிரோடு இருக்கும்போதே பார்த்துவிட்டுத்தான் போனார். வருடாந்த ஓட்டம் என்ற யோசனையைச் சொன்னவர் ஃபோர் சீசன்ஸ் விடுதிகளின் நிறுவனர் இசதோர் ஷார்ப், அவரும் மகனைப் புற்றுநோய்க்குக் கொடுத்தவர். இன்றுவரை சேர்ந்தது 80 கோடி டொலருக்கு மேல்.

அதில் சிறுவருக்கென்று போவதும் உண்டு. டெர்ரி ஃபொக்ஸ் ஆராய்ச்சி நிலையம் 2017இல் புரொஃபைல் என்றொரு நாடளாவிய திட்டம் தொடங்கியது. சிகிச்சைக்குக் கட்டுப்படாத, திரும்பி வந்த புற்றுநோயுள்ள சிறுவர், இளையோரின் கட்டியை மரபணு அளவில் படித்து, எந்த மருந்து பொருந்தும் என்று தேடுவது. சிக்கிட்ஸ் உட்பட பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்கிறார்கள். சிறுவருக்கு மட்டும்தான் போக வேண்டும் என்றால் மகள் சொல்லும் சைக்கிள் சவால் பொருத்தம், அது நேரடியாக சிக்கிட்ஸுக்குப் போகிறது.

வல்வைக்காரன்

டொக்டர் எழுதினதை இரண்டு தரம் வாசித்தன். சரி, ஆராய்ச்சி தேவைதான், ஒத்துக்கொள்ளுறன். ஆனால் மெத்தோட்ரெக்ஸேட் கண்டுபிடிச்சு எழுபது வருசத்துக்கு மேல். அது இருந்தும் எங்கட ஊரில் பிள்ளைகள் சாகுது எண்டால் அங்கே தேவை ஆராய்ச்சியா, கட்டிலா? கண்டுபிடிச்ச மருந்தே போய்ச் சேராத இடத்தை விட்டுப்போட்டு இன்னும் புதுசு கண்டுபிடிக்கக் காசு குடுக்கிறது என்ன ஞாயம்?

பருத்தித்துறைப் பிள்ளை

வல்வை அண்ணை, நீங்கள் கேட்டதுக்கு எங்கட ஊரிலேயே ஆக்கள் நடந்து காட்டினவை. 2011 ஜூலையில் 'ட்ரெயில்' என்று தெற்கே தேவேந்திரமுனையில் தொடங்கிப் பருத்தித்துறை வரைக்கும் நடந்தவை, 670 கிலோமீற்றர். தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை கட்டுவதற்கு 20 லட்சம் டொலர் சேர்ப்பது குறி. போர் முடிஞ்சு இரண்டு வருசம்தான். அதுவரை யாழ்ப்பாணத்துச் சனத்தில் கனபேர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்குப் பக்கத்தில் மகரகமைப் புற்றுநோய் மருத்துவமனைக்குத்தான் போனவை. பஸ்ஸில் ஒரு இரவு, மொழி தெரியாத வார்ட், தங்க இடம் இல்லை. எத்தனையோ பேர் அரைவாசியில் விட்டுப்போட்டு வந்தவை.

அவை வந்து முடிச்ச நாள் நான் கூட்டத்தில் நின்றனான். முன்னுக்கு வந்தவைக்குக் கால் முழுக்கப் பிளாஸ்ரர், சப்பாத்தைக் கழட்டிக் கையில் பிடிச்சபடி ஒருத்தர். சிங்களப் பெடியள், தமிழ்ப் பெடியள், வெள்ளைக்காரர் எல்லாம் கலந்து, வெய்யிலில் ஒரே நிறமாய்க் கறுத்துப் போய் வந்தினம். பக்கத்தில் நின்ற ஒரு ஆச்சி சேலைத் தலைப்பில் முடிஞ்சு வைச்சிருந்த நூறு ரூபாயை அவிழ்த்துக் குடுத்தவ. வாங்கின பெடியனுக்குத் தமிழ் தெரியாது, ஆச்சிக்குச் சிங்களம் தெரியாது. ஆச்சி அவன்ர தலையைத் தடவிப்போட்டு "சாப்பிட்டியே" எண்டு கேட்டா.

2013இல் தெல்லிப்பழையில் கட்டடம் திறந்தது. 2016இல் திருப்பி, இந்த முறை பருத்தித்துறையில் இருந்து தெற்கே, காலி கராப்பிட்டியில் மருத்துவமனைக்காக. கிரிக்கெட் மஹேல ஜயவர்த்தனவும் நடந்தவர். அவருடைய தம்பி 16 வயதில் மூளைக் கட்டியால் இறந்தவர் என்பதால் அவருக்கு இது சொந்த விசயம்.

வார்டு டாக்டர்

வல்வைக்காரர் கேட்டது பாதி சரி. உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது இதுதான்: வருஷத்துக்கு ஏறத்தாழ 4 லட்சம் பிள்ளைகளுக்கும் பதின்ம வயதினருக்கும் புற்றுநோய் வருகிறது. பணக்கார நாட்டில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள், ஏழை நாடுகள் பலவற்றில் 30-ஐத் தொடவில்லை. அந்த இடைவெளி முழுக்க நோயைக் கண்டுபிடிக்காதது, தாமதமாக வந்தது, மருந்து கிடைக்காதது, பாதியில் நிறுத்தியது, கிருமித் தொற்று.

ஆனால் இதைச் சரிசெய்யவும் ஆராய்ச்சி வேண்டும், அதுதான் மறு பாதி. 80களில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் சேர்ந்து குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு எம்சிபி-841 என்ற ஒரே சிகிச்சைத் திட்டத்தைக் கடைப்பிடித்தன. புது மருந்து ஒன்றும் இல்லை. இருக்கிற மருந்தை நம் பிள்ளைகளின் உடம்புக்கும் நம் வார்டுகளின் வசதிக்கும் ஏற்ற மாதிரி அடுக்கி, ஒவ்வொரு குழந்தைக்கும் என்ன ஆனது என்று வருஷக்கணக்காகக் குறித்து வைத்தார்கள். பிழைப்பு விகிதம் இரு மடங்குக்கு மேல் ஏறியது. அமெரிக்காவின் அளவை அப்படியே இங்கே கொடுத்தால் சத்துக்குறைவான பிள்ளை நோயில் சாகாமல் மருந்தில் செத்துவிடும். எவ்வளவு குறைக்கலாம் என்பதை யாரும் பாஸ்டனில் கண்டுபிடித்துத் தரமாட்டார்கள். இதற்குத் தேவையான செலவும் பகட்டானது அல்ல. தரவு பதிய ஓர் ஆள் சம்பளம், எலும்பு மஜ்ஜைப் பரிசோதனைக்கு ரசாயனம். "டேட்டா என்ட்ரிக்காக ஓடுகிறேன்" என்று யாரும் சட்டையில் அச்சடிப்பதில்லை, அதுதான் பிரச்சினை.

நூல்கண்டு (கோவை)

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் மகனுக்கு நான்கு வயதில் ரத்தப் புற்றுநோய். இப்போது பத்தாம் வகுப்பு, நன்றாக இருக்கிறான்.

சிகிச்சையின்போது ஓர் அமைப்பு வார்டுக்கு வந்து படம் எடுத்தார்கள். கையெழுத்துக் கேட்டார்கள், போட்டேன். அந்த நிலையில் எதில்தான் கையெழுத்துப் போடவில்லை? அடுத்த வருஷம் ஒரு மாரத்தான் போஸ்டரில் மொட்டைத் தலையோடு, மூக்கில் குழாயோடு என் பிள்ளை. இன்னும் அது இணையத்தில் சுற்றுகிறது. போன மாதம் வகுப்பில் யாரோ கண்டுபிடித்து குரூப்பில் போட்டுவிட்டார்கள். இரண்டு நாள் பள்ளிக்குப் போகமாட்டேன் என்றான். எடுக்கச் சொல்லிக் கேட்டும் அமைப்பு எடுக்கவில்லை.

ஓடுங்கள், நன்றாக ஓடுங்கள். எங்களுக்கு அந்தப் பணம் வேண்டும். ஆனால் உங்கள் படத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். வேர்த்துப்போன உங்கள் முகம் போதும். ஜிம்மிக்கே உண்மைப் பெயர் சொல்லவில்லை என்று மேலே ஒருவர் எழுதியிருந்தார். 1948இல் தெரிந்தது இப்போது தெரியாதா?

இன்னொன்று. குணமானதும் கதை முடிந்துவிட்டதாகத்தான் எல்லாரும் எழுதுகிறீர்கள். அவனுக்கு வருஷாவருஷம் இதயத்துக்கு எக்கோ எடுக்கிறோம், சிகிச்சையில் கொடுத்த ஒரு மருந்து பின்னாளில் இதயத்தைப் பாதிக்கலாம் என்பதால். அவனோடு வார்டில் இருந்த ஒரு பெண் குழந்தைக்கு வேறு மருந்தால் காது மந்தமாகிவிட்டது.

வார்டு டாக்டர்

அக்கா, எழுதியதற்கு நன்றி. காது விஷயத்தில் ஒரு தகவல். காதைக் கெடுக்கக்கூடிய சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தைக் கொடுத்துச் சில மணி நேரம் கழித்து சோடியம் தயோசல்ஃபேட் கொடுத்தால் காது கெடுவது ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது என்று கல்லீரல் புற்றுநோய்க் குழந்தைகளிடம் நடந்த பன்னாட்டு ஆய்வு காட்டியது. அமெரிக்காவில் 2022இல் அனுமதி கிடைத்தது. பிழைத்த பிள்ளை காது கேட்டு வாழ்வதற்கான ஆராய்ச்சி இது. இதற்கும் பணம் சேர்ப்பது கடினம், போஸ்டரில் போட ஒன்றும் இருக்காது.

மெரினா ஓட்டக்காரன் (சென்னை)

சென்னையில் பணம் கேட்டுப் பழகியவன் என்ற முறையில் நடைமுறை விஷயம் சொல்கிறேன். நம் ஆட்கள் வருமான வரிக் கழிவுக்கு 80ஜி ரசீது கேட்பார்கள். புதிய வரிமுறைக்கு மாறியவர்களுக்கு அந்தக் கழிவு கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரொக்கமாக இரண்டாயிரத்துக்கு மேல் கொடுத்தாலும் கழிவு இல்லை. கனடா ரசீது சென்னை மாமாவுக்கு ஒன்றுக்கும் உதவாது. அவர்களை இங்கேயே கொடுக்கச் சொல்லுங்கள். டெர்ரி ஃபாக்ஸ் ஓட்டம் ஐஐடி வளாகத்திலும் நடந்திருக்கிறது. ஆராய்ச்சி இல்லாமல் பராமரிப்பு என்றால், சிகிச்சைக்கு வரும் வெளியூர்க் குடும்பத்துக்கு இலவசமாகத் தங்க இடம் தரும் செயின்ட் ஜூட் இந்தியா மையங்கள் சென்னையிலும் உண்டு. டாக்டர் சொன்ன 'பாதியில் நிறுத்துவது' அங்கேதான் குறைகிறது.

கேட்கும்போது "உங்களால் முடிந்ததை" என்று எழுதாதீர்கள். அப்படிக் கேட்டால் முடியாமல்தான் போகும். தொகையைச் சொல்லுங்கள். குரூப்பில் போடாமல் தனித்தனியாக அனுப்புங்கள்.

ஸ்கார்பரோவாசி

மகளே எழுதினாள், நான் எழுத்துப்பிழை மட்டும் திருத்தினேன்:

"மாமா, நான் ஒரு மாதத்தில் 100 கிலோமீற்றர் சைக்கிள் ஓடப் போறேன். காசு சிக்கிட்ஸில் பிள்ளைகளின்ர புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போகும். சைக்கிளும் ஹெல்மெட்டும் அப்பாவின்ர காசு, உங்கட காசில்லை. நீங்கள் 25 டொலர் தருவீங்களா? நான் ஓடி முடிக்காட்டிலும் காசு திருப்பித் தரமாட்டேன்."

கடைசி வரியை எடுக்கச் சொன்னேன், மாட்டாளாம்.

கணக்குப்பிள்ளை

எடுக்க வேண்டாம், சட்டப்படியும் அது சரி. என் பெயரில் 25 போடுங்கள். ரசீது நேராக மின்னஞ்சலுக்கு வரும். கனடாவில் இருக்கிற மாமாமாருக்கு இதையும் சொல்லுங்கள்: வருடத்துக்குள் கொடுத்த தானம் மொத்தம் 200 டொலரைத் தாண்டினால், தாண்டின பகுதிக்கு வரிச்சலுகை கூட.

வல்வைக்காரன்

பிள்ளையின்ர கடிதம் நல்லாயிருக்கு. ஆனால் நான் தெல்லிப்பழைக்குத்தான் அனுப்புவன், முடிவு மாறேல்லை. பருத்தித்துறைப் பிள்ளை, அங்கே சிறுவர் பகுதிக்கு என்ன தேவை, காசு ஆரிட்டைக் குடுக்கிறது எண்டு நேரில் கேட்டு எழுதுங்கோ. மேடை, பேச்சு, பொன்னாடை ஒண்டும் வேண்டாம் எண்டும் சொல்லிவிடுங்கோ.

பருத்தித்துறைப் பிள்ளை

திங்கட்கிழமை கிளினிக் நாள். போய்க் கேட்டுப்போட்டு இங்கேயே எழுதுறன் அண்ணை.